பால் மறவாப் பிள்ளையும் பொதுப் பணமும்

மதீனா நகரின் புறத்தே ஓரிரவு. வெளியூர் வணிகர் கூட்டம் ஒன்று தொழுகைத் திடலை அடுத்துக் கூடாரமடித்துத் தங்கியிருந்தது. அயர்ந்து உறங்கும் அம்மக்களின் சரக்கைக் கள்வர் கவர்ந்துவிடக் கூடாதே என்னும் கவலையில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை உடனழைத்துக்கொண்டு தாமே காவல் புரியச் சென்றார்கள். நள்ளிரவில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. தாயிடம் சென்று, பிள்ளையைத் தேற்றும்படி கூறிவிட்டுத் திரும்பினார்கள். மீண்டும் அழுகுரல், மீண்டும் சென்றார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை ஓயவில்லை. மூன்றாம் முறை சென்றபோது, கலீஃபாவின் குரலில் சற்றே கடுமை கலந்திருந்தது.

வந்திருப்பவர் யாரென அறியாத அப்பெண் சலிப்புடன் உண்மையைச் சொல்லிவிட்டாள்: பிள்ளைக்குப் பாலை மறக்கடிக்க முயல்கிறாள், பிள்ளை மறுக்கிறது. ஏன் இத்தனை அவசரம் என்று வினவினார்கள். பால் மறந்த பிள்ளைக்கு மட்டுமே உமர் மானியம் வழங்குகிறாராம். அதனால்தான் இந்த அவசரம் என்றாள். பிள்ளைக்கு வயதோ சில மாதங்களே.

அன்றைய வைகறைத் தொழுகையில் கலீஃபா ஓதியது, விம்மலால் பின்னின்றோருக்கு விளங்கவில்லை என்று வரலாற்றாசிரியர் இப்னு சஅத் தம் ‘தபகாத்’ நூலில் குறித்துவைத்திருக்கிறார். தொழுகை முடிந்ததும், தம் விதி ஒன்றினால் எத்தனை பிள்ளைகள் மாண்டனவோ எனத் தம்மையே நொந்துகொண்டார்கள். இனி எந்தத் தாயும் பிள்ளைக்கு அவசரப்பட்டுப் பாலை மறக்கடிக்க வேண்டாம், பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் உண்டு என்று ஊரெங்கும் முழங்கச் செய்தார்கள். ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் அனைத்துக்கும் அவ்வாறே எழுதியனுப்பினார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். உமர் (ரலி) அவர்களின் இளகிய உள்ளத்துக்குச் சான்றாகவே அதை எடுத்துரைப்பர். அது சரியே. ஆயினும் அதனுள் வேறொரு பாடமும் அடங்கிக் கிடக்கிறது. கலீஃபா முதலில் வகுத்த விதி கொடுமையான விதியன்று; கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு நியாயமாகத் தோன்றும் விதிதான். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தானியம் எதற்கு? தானியம் உண்ணத் தொடங்கிய பின் கொடுத்தால் போதாதா? பொதுப் பணம் வீணாகாமல் காப்பதும் ஆட்சியாளர் கடமைதானே? ஏட்டில் எழுதியபோது அது சிக்கனம். இருண்ட கூடாரத்துள் அது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பறித்தது.

சிக்கனம் எதுவரை அறம்? எங்கே அது அநீதியாகிறது? இக்கேள்வியை மதீனாவிலேயே விட்டுவிடாமல், நம் வீட்டு வாசலுக்கு அருகே வைத்துச் சிந்திப்போம்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு வீடு

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயில், மீஞ்சூரையும் பொன்னேரியையும் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைகிறது. அதற்கப்பால் சிறிது தொலைவில் ஆந்திர எல்லை. 1971-இல் தமிழக அரசு நிறுவிய ‘சிப்காட்’ நிறுவனம் இங்கு அமைத்த தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகளும், வார்ப்படச் சாலைகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும், வாகன உதிரிப் பாகம் செய்யும் ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. பின்னர் இதே வட்டத்தில் தேர்வாய் கண்டிகையிலும் ஒரு தொழிற்பூங்கா எழுந்தது. 1997-இல் செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிந்த திருவள்ளூர் மாவட்டம், இன்று நாட்டின் பெருந் தொழில் வட்டாரங்களில் ஒன்று. காலை வேளையில் ஆலை வாயில்களில் நிற்கும் கூட்டத்தில் பெண்கள் குறைவல்லர். பொதி கட்டுவோர், பாகங்களைப் பிரித்தடுக்குவோர், தரம் பார்ப்போர், கூட்டித் துடைப்போர், உணவுக்கூடத்தில் வேலை செய்வோர் என அவர்களுள் பல வகையினர் உண்டு.

அவர்களுள் ஒருத்தியின் குடும்பத்தை நாம் அறிவோம். பழவேற்காட்டிலிருந்து பிழைப்புக்காகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்த எளிய முஸ்லிம் குடும்பம். கணவர் லாரியில் கிளீனர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில். மனைவி ஓர் ஆலையில் காண்டிராக்ட் தொழிலாளி. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, காண்டிராக்டர் அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. பிள்ளையைப் பெற்றுக்கொண்டு பிறகு வா என்று அன்பாகவே சொல்லியனுப்பினார். பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் அவள் திரும்பவும் வந்தாள். புதிய ஆளாகப் பெயர் பதிந்துகொண்டார்கள். இடைப்பட்ட மாதங்களுக்கு ஊதியம் இல்லை. ஏனென்றால், ஏட்டின்படி அவள் விடுப்பில் இருக்கவில்லை, வேலையிலேயே இருக்கவில்லை.

ஐந்து மாதப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? பழவேற்காட்டில் இருக்கும் தாயாரை அழைத்தாள். அந்த மூதாட்டி பனையோலைக் கூடை முடைபவர். பழவேற்காட்டு முஸ்லிம் பெண்டிர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கைத்தொழில் அது. கூடை முடைந்தால்தான் அவருக்கு அன்றாடச் செலவு நடக்கும். நாலு நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். முடிவில் அவ்வீட்டின் மூத்த பெண், ஆறாம் வகுப்புப் படித்துவந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, பள்ளியை விட்டு நின்றாள். தம்பியைத் தூளியிலிட்டு ஆட்டுவதும், புட்டியில் பால் கரைத்துக் கொடுப்பதும் இப்போது அவள் வேலை.

“புள்ளைய அவகிட்ட விட்டுட்டுப் போறப்ப, ரெண்டு புள்ளைங்களையும் விட்டுட்டுப் போற மாதிரிதான் இருக்கு” என்றாள் அந்தத் தாய்.

சட்டமும் இடைவெளியும்

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். சட்டம் உண்டு. 1929-இலேயே பம்பாய் மாகாணம் பேறுகாலச் சட்டம் இயற்றியது. அரசியல் சாசனத்தின் 42-ஆம் பிரிவு, பேறுகால உதவிக்கு வகை செய்வது அரசின் கடமை என்கிறது. 1961-இல் நாடு முழுமைக்குமான பேறுகாலப் பயன் சட்டம் வந்தது. 2017-இல் அது திருத்தப்பட்டு, 12 வார விடுப்பு 26 வாரமாயிற்று. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளில் நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் அத்திருத்தம் கூறியது. அச்சட்டத்தின் கூறுகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. இ.எஸ்.ஐ. திட்டத்தில் காப்பீடு பெற்ற பெண்ணுக்கும் 26 வாரப் பேறுகாலப் பணம் உண்டு. தினக்கூலிப் பெண்டிரும் இவ்வுரிமைக்கு உரியவரே என்று 2000-ஆம் ஆண்டிலும், ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் பேறுகாலப் பயன் முடிந்துபோகாது என்று 2023-ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆயினும் மேற்சொன்ன தாயைப் போன்றோர் இச்சட்டத்தின் கூரைக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கிறார்கள். ஐம்பது பேருக்குக் குறைந்த பட்டறைகள் எத்தனையோ. சந்தாக் கணக்கு அறுபட்டவர் எத்தனையோ. உரிமை உண்டு என்பதையே அறியாதோர் அவர்களினும் மிகுதி.

சட்டத்தின் கூரைக்கு உள்ளே இருப்பவர்க்கும் ஓர் இடைவெளி உண்டு. அதையே நாம் இங்கு முதன்மையாகச் சுட்ட விரும்புகிறோம். விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாதம். தமிழகத்தின் அங்கன்வாடி, நம் மக்கள் இன்றும் ‘பால்வாடி’ என்று அழைக்கும் அந்த நல்ல நிலையம், பிள்ளையைப் பகலில் வைத்துக்கொள்வது இரண்டு வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழுள்ள பிள்ளைக்கு வீட்டுக்குச் சத்துமாவு கொடுப்பார்கள். ஆனால் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையே ஒன்றரை ஆண்டுக் காலம் எந்த ஏட்டிலும் இல்லாமல் கிடக்கிறது. தவழத் தொடங்கி, நடை பயின்று, முதற்சொல் பேசும் காலம் அது. திருமறை அல்பகரா அத்தியாயத்தில் பாலூட்டலின் நிறைவுக் காலமாக இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் முக்கால் பகுதியை நம் ஏற்பாடுகள் காற்றில் விட்டுவிட்டன.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு திட்டம் இல்லாமற் போகவில்லை. 1975-இல் தொடங்கிய காப்பகத் திட்டம், 2006-இல் ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டமாக விரிந்தது. ஆறு வயது வரையுள்ள, வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்கென்றே அது அமைந்தது. நாடெங்கும் 20,000-க்கும் மேற்பட்ட காப்பகங்கள் இயங்கின. பிறகு சிக்கனக் காலம் வந்தது. செலவில் 90 விழுக்காடு ஏற்றுவந்த மத்திய அரசு, 2017-இல் தன் பங்கை 60 விழுக்காடாகக் குறைத்தது. மீதியை மாநிலங்களும் தொண்டு நிறுவனங்களும் ஏற்க வேண்டும் என்றது. ஏற்க இயலாதவர்கள் கதவைச் சாத்தினார்கள். 2020 வாக்கில் எஞ்சியவை சுமார் 6,500 மட்டுமே. பேறுகால விடுப்பை இரட்டிப்பாக்கி நாடு பெருமை கொண்ட அதே 2017-இல்தான், விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்க்கு வேண்டிய காப்பகத்தின் மானியம் சுருங்கியது. விடுப்பை நீட்டியதில் அரசுக் கருவூலத்துக்குப் பெருஞ்செலவில்லை. அது பெரும்பாலும் முதலாளியின் பணம். காப்பகம் அரசின் பணம். 2022 முதல் ‘பால்னா’ என்னும் பெயரில் அத்திட்டத்துக்குப் புத்துயிர் ஊட்ட முயல்கிறார்கள், அது வரவேற்கத்தக்கதே. ஆனால் இடையில் மூடிய கதவுகளின் முன் நின்ற பிள்ளைகளின் வயது யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அதற்கு முன்னரும் 2015-இல் இத்தகைய வெட்டு ஒன்று விழுந்தது. வரி வருவாயில் மாநிலங்களின் பங்கு 32 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்ந்ததைக் காரணமாகக் காட்டி, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளுக்கான மத்திய ஒதுக்கீடு, முந்தைய ஆண்டின் சுமார் 18,000 கோடி ரூபாயிலிருந்து ஏறத்தாழ 8,300 கோடியாகக் குறைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின் துணை மானியக் கோரிக்கைகளில் பெரும்பகுதி ஈடு செய்யப்பட்டது. வெட்டியதும் கொடுத்ததும் வரவு செலவு ஏட்டில் இரண்டு வரிகள். இடைப்பட்ட மாதங்களில் திண்டாடியவை பிள்ளைகளின் தட்டுகள்.

செலவு எங்கே போயிற்று?

அரசுக் கருவூலத்தில் ஒரு செலவு குறைக்கப்பட்டால், அச்செலவு மறைந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். சில செலவுகள் அவ்வாறு மறையும். ஆடம்பர விழாவை நிறுத்தினால் விழாவும் இல்லை, செலவும் இல்லை. பிள்ளை வளர்ப்பு அத்தகையதன்று. காப்பகத்தை மூடினாலும் பிள்ளை இருக்கிறது; அதற்குப் பசி இருக்கிறது; அதன் பின்னால் ஓடி ஓடிப் பார்க்க ஒரு கண் வேண்டியிருக்கிறது. ஆகவே செலவு குறையவில்லை, இடம் மாறிற்று. அரசின் கணக்கிலிருந்து நீங்கி, தாயின் உறக்கத்தில் கொஞ்சம், பாட்டியின் கூடையில் கொஞ்சம், பன்னிரண்டு வயதுச் சிறுமியின் புத்தகத்தில் பெரும்பகுதி என்று எழுதப்பட்டது. கருவூலம் மிச்சப்படுத்தியதாகக் காட்டும் தொகையை, அச்சிறுமி தன் கல்வியால் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

சிக்கனத்துக்கும் அநீதிக்கும் உள்ள எல்லைக்கோடு இங்கேதான் இருப்பதாக நாம் கருதுகிறோம். தன் பங்கைத் தான் குறைத்துக்கொள்வது சிக்கனம். பிறர் பங்கைக் குறைத்துவிட்டு அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டினால் அது பறிப்பு. இஸ்லாம் வீண் விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளூவுக்குத் தண்ணீரை அளவோடு பயன்படுத்தச் சொல்லும் மார்க்கம். அதே மார்க்கந்தான் உரியவரின் ஹக்கை உரியவர்க்குக் கொடுக்காமல் நிறுத்துவதையும் பாவம் என்கிறது. முன்னதைப் பின்னதற்குத் திரையாக்கலாகாது.

நம்மவர் கூறும் மறுப்பு

இவ்விடத்தில் நம் சகோதரர் சிலர் குறுக்கிட்டு ஒன்றைச் சொல்வார்கள். பெண்ணுக்கு வீடே இடம். குடும்பச் செலவு கணவன் கடமை. தாய் வீட்டிலிருந்தால் காப்பகமும் வேண்டாம், மானியமும் வேண்டாம். அவர்களின் கவலையை நாம் இகழவில்லை. மனைவி மக்களின் ஜீவனாம்சம் கணவன் மீது கடமை என்பது ஷரீஅத்தின் தெளிவான சட்டம். அவள் ஈட்டும் பொருள் அவளுடையதே என்பதும் அதே அளவு தெளிவானது. ஆனால் கிளீனரின் வருமானத்தில் வாடகையும் அரிசியும் மருந்தும் அடங்காதபோது, அச்சட்டத்தை அவ்வீட்டு வாசலில் நின்று உரக்கப் படித்தால் உலை கொதிக்குமா? அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் புரிந்ததை மேடையில் மெச்சிப் பேசுகிற நாம், ஆலைக்குச் செல்லும் நம் சகோதரியைக் கண்டு முகம் சுளிப்பது பொருந்துமா?

மேலும் நாம் முன்னர் குறித்த அந்த வசனத்தையே ஆழ்ந்து நோக்குவோம். பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிப்பது தந்தையின் பொறுப்பு என்று விதித்த இறைவன், பிள்ளையின் பொருட்டுத் தாயும் துன்புறுத்தப்படலாகாது, தந்தையும் துன்புறுத்தப்படலாகாது என்று இருவருக்கும் காப்பளிக்கிறான். அத்துடன் நிற்கவில்லை. தந்தை இல்லாதபோது அப்பொறுப்பு வாரிசின் மீது இறங்குகிறது என்றும் சேர்த்துச் சொல்கிறான். ஒருவர் இயலாது போனால், கடமை மறைந்துவிடுவதில்லை. அடுத்தவர் மீது ஏறுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களோ, ஆதரவற்ற குடும்பத்தை விட்டு இறந்தவரின் சுமையைத் தாம் ஏற்பதாக அறிவித்தார்கள். தந்தை, வாரிசு, அவர்களுக்குப் பின் சமுதாயத்தின் தலைமை. பிள்ளையைத் தாங்கும் கைகள் இவ்வாறு வரிசையாக நிற்கின்றன. அவ்வரிசையில் பன்னிரண்டு வயது அக்காளின் கை எங்கும் குறிக்கப்படவில்லை.

அந்தப் பெருமானாரே பிறக்கும் முன் தந்தையை இழந்தவர்கள். பாலூட்டும் கூலியைத் தருவது யார் என்று செவிலித் தாயர் முதலில் தயங்கி நின்ற வரலாற்றை நாம் அறிவோம். ஹலீமா அம்மையார் கை நீட்டி ஏந்தியதால் அத்தயக்கம் தீர்ந்தது. தந்தையின் பணப்பை ஒன்றையே நம்பி ஒரு குழந்தையின் உயிரை வைப்பது எத்துணை மெல்லிய கயிறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கருவூலம் வற்றியபோது

மற்றொரு மறுப்பு உண்டு, அது வலுவானது. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் பைத்துல்மால் நிரம்பி வழிந்தது, கொடுத்தார்கள். இன்று அரசுகள் கடனில் மூழ்கியிருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடன் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. இல்லாததைக் கொடு என்றால் எங்கிருந்து கொடுப்பது?

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் எல்லோர்க்கும் கொடுக்க எந்த அரசாலும் இயலாது. ஆகவே கேள்வி, குறைப்பதா வேண்டாமா என்பதன்று. யாரிடமிருந்து முதலில் குறைப்பது என்பதே. இதற்கும் உமர் (ரலி) அவர்களின் வாழ்விலேயே விடை கிடைக்கிறது. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு, சாம்பல் ஆண்டு எனப் பெயர் பெற்ற கொடும் பஞ்ச காலம். மக்களுக்குக் கிட்டும் வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு வேண்டாமென்று விலக்கி, எண்ணெய் ஒன்றையே தொட்டுக்கொண்டு உண்டார்கள். மேனியின் நிறமே கறுத்துப்போயிற்று என்பர். வெளி மாகாணங்களிலிருந்து தானியம் தருவித்தார்கள். அவ்வாண்டு ஜகாத் வசூலையும் தள்ளிவைத்தார்கள். பஞ்சம் வந்தபோது வெட்டு முதலில் விழுந்த இடம் கலீஃபாவின் தட்டு. பிள்ளைகளின் மானியமன்று.

வெகு தொலைவு போக வேண்டாம். சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. 1920-இல் சர் பி. தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாகாது என்று அன்னிய அரசு தடுக்கவே, 1925-இல் அது நின்றது. ஆனால் 1927-இல் மீண்டும் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் மதிய உணவைப் பரவலாக்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்துச் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் சேர்த்தபோதும், இத்தனை பணத்துக்கு எங்கே போவது என்ற குரல் ஒலிக்கத்தான் செய்தது. நிதி நெருக்கடியை வெள்ளை அறிக்கையில் ஒப்புக்கொண்ட மறு ஆண்டிலேயே, 2022 செப்டம்பர் 15-இல் அரசு காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. எது முதன்மை என்னும் தெளிவு இருந்துவிட்டால், கடன்பட்ட வீட்டிலும் பிள்ளைக்குப் பால் வாங்குகிறோம் அல்லவா?

முதன்மை மாறினால் என்னவாகும் என்பதற்கும் சான்றுண்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி உண்டு என்றது. அரசுப் பணியில் உள்ளோர்க்கும், வேறு சட்டத்தின் கீழ் இத்தகைய பயன் பெறுவோர்க்கும் மட்டுமே விலக்கு. அதை நிறைவேற்ற 2017-இல் வந்த மத்தியத் திட்டமோ 5,000 ரூபாய் என்றது. அதுவும் முதற் பிள்ளைக்கு மட்டும் என்றது. இரண்டாவது பிள்ளை பெண்ணாயிருந்தால் உண்டு என்று 2022-இல் சற்றுத் தளர்த்தினார்கள். தமிழகத்தில் 1987 முதல் நடந்துவரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய் வரை உதவி உயர்ந்தது, பாராட்டுவோம். ஆனால் எண்ணிப் பார்த்தே உதவும் வழக்கம் உலகெங்கும் வேரோடியிருக்கிறது. பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு உதவித்தொகையின் குழந்தைப் பங்கு இல்லை என்று விதி செய்தார்கள். எட்டாண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், அவ்விதியை நீக்குவதாக அறிவித்தார்கள். பிள்ளையின் பசிக்கு அது எத்தனையாவது பிள்ளை என்று தெரியாது. மதீனாக் கூடாரத்தில் கேட்ட அழுகுரலின் பாடமும் இதுவே.

முதலாளியின் தலையிலேயே முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதும் தீர்வாகாது. பேறுகால ஊதியத்தின் செலவைத் தனி முதலாளி மீது மட்டும் சுமத்தாமல், சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலும் வலியுறுத்திய நெறி. சுமை தன் மீதே விழும் என்று அஞ்சும் முதலாளி, தாயாகக்கூடிய பெண்ணையே வேலைக்கு எடுக்கத் தயங்குவான். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் அருகே கைப்பேசி தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்கள் ஒதுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டி மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஆலையின் உண்மை எதுவாயினும், இத்தகைய அச்சத்துக்கு இடமளிக்கும் ஏற்பாடு திருந்த வேண்டும். வேலை நேரமும் இத்துடன் சேர்ந்ததே. 2023 ஏப்ரல் 21-இல், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பின் விளைவாக மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் நிற்கும் தாயின் பிள்ளையை ஏற்க எந்தக் காப்பகம் அத்தனை நேரம் திறந்திருக்கும்?

நாம் செய்யக்கூடியது

அரசைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்டட்டும். ஒரு கடமையை எவருமே செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளியாவர் என்னும் பர்ளு கிஃபாயாவை ஜனாஸாத் தொழுகைக்கு மட்டும் உரியதாக நினைத்துவிட்டோம். இறந்தவரைச் சுமக்க நான்கு தோள்கள் ஓடி வருகின்றன. பிறந்ததைச் சுமக்க?

ஜமாஅத்துகள் பலவற்றில் மக்தப் கட்டடம் இருக்கிறது. விடியற்காலையிலும் மாலையிலும் அங்கே பிள்ளைகள் ஓதுகிறார்கள். இடைப்பட்ட பகல் முழுவதும் அது பூட்டிக் கிடக்கிறது. ஆலைக்குச் செல்லும் தாய் பிள்ளையை விட இடமின்றித் தவிப்பதும் அதே பகலில்தான். ஒரு விசிறி, நான்கு தூளி, தூய்மையான தண்ணீர், நியாயமான ஊதியம் பெறும் இரண்டு பெண்கள். இவை இருந்தால் அக்கட்டடம் காப்பகமாகிவிடும். நியாயமான ஊதியம் என்று அழுத்திச் சொல்கிறோம். அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018-இல் உயர்த்தப்பட்ட பிறகும் மாதம் 4,500 ரூபாயே; அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்பதை நிலைநாட்ட 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தாயின் சுமையை இன்னொரு தாயின் வயிற்றில் அடித்து இறக்கலாகாது. அக்காப்பகத்தின் வாயிலில் மதம் கேட்கவும் வேண்டாம். உருக்காலைக்கு வந்த வடமாநிலத்தவர் பிள்ளையும், கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத்து அகதியின் பிள்ளையும், நம் பிள்ளையும் ஒரே தூளி வரிசையில் உறங்கட்டும்.

இது அரசின் கடமைக்கு மாற்றாகாது. தானதருமத்தைக் காட்டி உரிமையைக் கேட்காமல் விட்டால், அடுத்த வெட்டுக்கு நாமே கத்தி தீட்டிக் கொடுத்தவர்களாவோம். காப்பகமும் நடத்துவோம், காப்பகத்தின் மானியத்தையும் கேட்போம். இரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளையும் அங்கன்வாடியில் ஏற்றுக்கொள்ள வேண்டும், ஆலை நேரத்துக்கு ஏற்ப அது திறந்திருக்க வேண்டும் என்பதே திருவள்ளூர் மாவட்டத்துத் தாய்மார் சார்பில் நாம் வைக்கும் வேண்டுகோள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டி நடத்த எண்ணி நின்றபோதும், பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்பது ஆதாரபூர்வமான செய்தி. படைத்தவன் முன் நிற்கும் நேரமே ஒரு தாயின் பொருட்டுச் சுருங்கியது. ஆலையின் நேரமும் அரசின் கணக்கும் அதைவிடப் புனிதமானவையா?

உமர் (ரலி) அவர்கள் தவறே செய்யாத ஆட்சியாளராய் இருந்ததால் அவ்விரவில் உயரவில்லை. தம் விதி ஒரு கூடாரத்துள் என்ன செய்கிறது என்பதைத் தம் காதால் கேட்டார்கள், விடிவதற்குள் மாற்றினார்கள். கேட்பதற்கும் மாற்றுவதற்கும் இடையே ஓர் இரவே கழிந்தது. கும்மிடிப்பூண்டி வீட்டில் அந்தச் சிறுமி பள்ளியை விட்டு நின்று ஓராண்டு ஆகிறது. தம்பிக்கு இரண்டு வயது நிறைந்து, பால்வாடிக் கதவு திறக்கும் நாளை அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். அன்று மீண்டும் பள்ளிக்குப் போகலாம் என்று தாய் சொல்லியிருக்கிறாளாம். அவ்வாக்கு நிறைவேற எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்வானாக. அவளை அவ்வளவு காலம் காக்க வைத்ததற்காக நம்மை மன்னிப்பானாக.